நாற்பத்திரண்டு குரல், நாற்பத்தோரு தலை

நிலம் நடுங்கியதை என் காலால் நான் உணர்ந்தது வாழ்நாளில் ஒரே ஒரு தடவைதான். முத்தியால்பேட்டையில், எங்கள் பெண்கள் பள்ளியில், ஏழாம் வகுப்புக்குச் சமூக அறிவியல் நடத்திக்கொண்டிருந்த ஒரு மதியம். கரும்பலகையில் எழுதிக்கொண்டிருந்தவள், தலை சுற்றுகிறதென்று நினைத்து மேசையைப் பிடித்தேன். மேசையும் நகர்ந்தது. தம்ளரில் இருந்த தண்ணீர் வட்டம் வட்டமாக நடுங்கியது. ஆணியில் தொங்கிய உலக வரைபடம் சுவரில் டக் டக்கென்று இடித்தது, அந்தப் பக்கத்திலிருந்து யாரோ கதவு தட்டுகிற மாதிரி. ஏழெட்டு நொடி இருக்கும். பிறகு எல்லாம் பழையபடி நின்றுவிட்டது. பிள்ளைகளில் ஒருத்தியும் கவனிக்கவில்லை.

ஆசிரியர் அறையில் போய்ச் சொன்னேன். "பிரஷர் மாத்திரை போட்டீங்களா இல்லியா?" என்று கேட்டார்கள். சாயங்காலம் டிவியில், சுமத்ரா பக்கம் கடலுக்கு அடியில் பெரிய நடுக்கம் என்றும், சென்னையில் ஆபீஸ் ஜனம் ரோட்டுக்கு ஓடிவந்தது என்றும் காட்டினார்கள். மறுநாள் என்னைக் கேலி செய்த அத்தனை பேரும் தங்களுக்கும் ஆடியதாகச் சொன்னார்கள். பொய் சொல்வதிலும் ஒரு ஒழுங்கு வேண்டாமா? எனக்கு அன்றிலிருந்து ஒரு பழக்கம் ஒட்டிக்கொண்டது. காலையில் கட்டிலை விட்டு இறங்கும்போது பாதத்தைத் தரையில் வைத்துக் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருப்பேன். தரை அசையாமல்தான் இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டுதான் எழுந்திருப்பேன். என் வீட்டுக்காரர் அதை மூட்டுவலி என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்.

அதற்குச் சில வருஷம் கழித்துத்தான் அந்த ஒத்திகை வந்தது.

எனக்கு சர்க்குலர் என்றாலே பற்றிக்கொண்டு வரும். நிலநடுக்கப் பாதுகாப்பு ஒத்திகைக்கு எங்கள் பள்ளியைத் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள், ஒரு வகுப்பு மட்டும் கலந்துகொண்டால் போதும், அந்த வகுப்பு ஏழாம் வகுப்பு. ஏன் ஏழாம் வகுப்பு என்று கேட்டதற்கு, "ஒங்க பாடத்துலதானே நிலநடுக்கம் வருது?" என்றார் தலைமையாசிரியை. அவர் சொல்தா வீட்டுப் பெண். அப்பா பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து பென்ஷன் வாங்கியவர். எதற்கெடுத்தாலும் "மோன் தியூ", அதாவது கடவுளே, என்று நெஞ்சில் கை வைப்பாரே தவிர, மேலே இருந்து வருகிற காகிதத்துக்கு ஒரு நாளும் மறுப்பு சொன்னதில்லை.

எங்கள் பள்ளியை இங்கே சொல்லிவிட வேண்டும். வகுப்புகள் எல்லாம் ஓடு போட்ட நீளக் கொட்டகைகள். நடுவில் மைதானம். மைதானத்துக்கு அந்தப் பக்கம் பிரெஞ்சுக்காரன் காலத்து மாடிக் கட்டடம் ஒன்று, பள்ளியில் மாடி என்று இருந்தது அது ஒன்றுதான். சுவரில் விரல் போகிற அளவுக்கு விரிசல் விட்டதால் போன வருஷமே அதைக் காலி செய்துவிட்டார்கள். இடிக்க ஏலம் விட்டாயிற்று. ஏலம் எடுத்தவர் தேக்கு ஜன்னல், கதவு, கைப்பிடி எல்லாவற்றையும் கழற்றிக்கொண்டு போய்விட்டார். கண் பிடுங்கின முகம் மாதிரி நின்றது. சாயங்காலத்தில் அதைக் கடந்து போகும்போது உள்ளேயிருந்து ஈரச் சுண்ணாம்பு வாடையோடு ஒரு குளிர்ந்த காற்று வரும். பிள்ளைகள் அந்தப் பக்கம் போகமாட்டார்கள். நானும்தான்.

ஒத்திகை அதிகாரி வந்து பார்த்தார். இளைஞர், கழுத்தில் விசில், கையில் ஒலிபெருக்கி. அந்தக் கட்டடத்தைப் பார்த்ததும் அவருக்கு முகம் மலர்ந்துவிட்டது. "எப்படியும் இடிக்கத்தானே போறாங்க? நம்ம ஒத்திகை அன்னிக்கே பின்பக்கச் சுவரை மட்டும் பொக்லைனை வச்சு இழுத்துடுவோம். இடிபாடு நெஜமாவே கெடைச்சிடும். பொம்மைங்கள உள்ள போட்டு மீட்புப் படை வெளிய எடுக்கும். ரியலா இருக்கும் மேடம்" என்றார்.

"பிள்ளைங்க பக்கத்துல இருக்கும்போதா?" என்று கேட்டேன்.

"பிள்ளைங்க எல்லாம் மைதானத்துல இந்தக் கோடியில. நீங்க வருகை எடுத்து, எல்லாரும் வந்தாச்சுன்னு எழுதிக் கையெழுத்து போட்டுக் குடுப்பீங்க. அந்தப் பேப்பர் என் கையில வராம வண்டி ஸ்டார்ட் ஆகாது. போதுமா?"

போதும் என்றுதான் எனக்கும் பட்டது. ஏனென்றால் வருகை எடுப்பதில் நான் கறார் என்று பள்ளிக்கே பெயர்.

அந்தக் கறாரைப் பற்றி இப்போது உண்மையைச் சொல்லிவிடுகிறேன். என் வகுப்பில் முப்பத்தொன்றாம் எண் பெண் தினமும் தாமதம். குப்பத்துப் பெண். அம்மா விடியுமுன்னே துறைமுகத்துக்குப் போய் ஏலத்தில் மீன் எடுத்துத் தெருத்தெருவாக விற்கப் போய்விடுவாள். இவள் சோறு வடித்து, தம்பியைக் குளிப்பாட்டிப் பால்வாடிக்கு அனுப்பிவிட்டு ஓடிவர வேண்டும். தாமதமாக வருகிறவர்கள் முதல் பாடவேளை முழுக்க வாசலில் நிற்க வேண்டும் என்பது பள்ளியின் சட்டம். அதனால் என் வகுப்புப் பிள்ளைகள் ஒரு வழி கண்டுபிடித்தார்கள். காலைப் பிரார்த்தனை வரிசையில் அவளுடைய ஜோடிப் பெண் பக்கத்தில் ஒரு ஆள் இடம் விட்டு நிற்பாள். வருகையில் முப்பத்தொன்று என்று நான் கூப்பிட்டால், அந்த ஜோடிப் பெண்ணே குரலைக் கொஞ்சம் மாற்றி "உள்ளேன் டீச்சர்" என்பாள். பத்து நிமிடத்தில் இவள் பின்வாசல் வழியாக வந்து உட்கார்ந்துவிடுவாள்.

எனக்குத் தெரியாதா? முதல் வாரமே தெரியும். தலையை நிமிர்த்தாமல் டிக் போட்டுவிடுவேன். பாவம், நாம்தான் விட்டுக்கொடுப்போமே என்று நினைத்தேன். அதில் எனக்கு ஒரு பெருமைகூட இருந்தது.

இன்னொரு காரணமும் உண்டு. அவள் அம்மா ஒரு தடவை பள்ளிக்கு வந்திருந்தாள், கூடையை வெளியில் வைத்துவிட்டு. என்னை ஓரமாக அழைத்துப் போய்ச் சொன்னாள். "இவளுக்கு மூத்தது ஒண்ணு இருந்துச்சு டீச்சர். நாலு வயசு. எங்கம்மா வீடு காரைக்கால் பக்கம். சுனாமி அன்னிக்கு நாங்க அங்கதான் இருந்தோம். ஒண்ணைக் கடலுக்குக் குடுத்துட்டேன். இது ஒண்ணை நீங்க பாத்துக்குங்க." அழவில்லை. விலை சொல்வதுபோலத்தான் சொன்னாள். நான் சரி என்று தலையாட்டினேன்.

ஒத்திகைக்கு முந்தின நாள் பாடம் நடத்தினேன். எனக்குப் புத்தகத்தை வாசித்துக் காட்டும் பழக்கம் கிடையாது. இரண்டு பெஞ்சுகளைப் பக்கவாட்டில் ஒட்டிப் போட்டு, ஒவ்வொன்றையும் நாலு நாலு பேர் எதிரெதிர்ப் பக்கம் தள்ளச் சொன்னேன். நாம் நிற்கிற தரை ஒரே பாளமாக இல்லை, பெரிய பெரிய தட்டுகளாக உடைந்து கிடக்கிறது, வருஷத்துக்கு நகம் வளர்கிற அளவுதான் நகரும் என்றேன். பெஞ்சுகள் நகரவில்லை. ஓரத்தில் ஒரு ஆணித்தலை இன்னொன்றின் கட்டையில் மாட்டிக்கொண்டிருந்தது. "தள்ளுங்கடி, சாப்பிட்டீங்களா இல்லியா?" என்றேன். முகம் சிவக்கத் தள்ளினார்கள். கட்டை முனகியது. ஒரு கணம் ஒன்றும் இல்லை. பிறகு படீரென்று வழுக்கி, ஒரு பெஞ்சு முன்னால் பாய்ந்து, மேலே இருந்த டிபன் டப்பா எல்லாம் சிதறிப் பிள்ளைகள் கத்திவிட்டார்கள். நானும் கத்திவிட்டேன், என்ன வெட்கம். இதுதான் நிலநடுக்கம் என்றேன். மாட்டிக்கொண்டு நிற்கிற காலம் முழுவதும் உள்ளுக்குள் இழுவிசை ஏறிக்கொண்டே இருக்கும், நமக்கு மேலே ஒன்றும் தெரியாது, வழுக்குவது ஒரு நிமிடத்தில் முடிந்துவிடும். எந்த நாட்டு விஞ்ஞானியாலும் நாளும் நேரமும் சொல்ல முடியாது. ஜப்பானில் முதல் அதிர்வு வந்த நொடியிலேயே கருவிகள் பிடித்து ரயிலை நிறுத்திவிடும், போனில் எச்சரிக்கை அலறும், பிள்ளைகள் நாற்காலியில் மாட்டியிருக்கும் பஞ்சுத் தொப்பியை மாட்டிக்கொண்டு மேசைக்கு அடியில் போய்விடுவார்கள். நமக்குத் தொப்பி இல்லை, புத்தகப்பை இருக்கிறது. பெஞ்சுக்கு அடியில் குனி, தலையை மூடு, பெஞ்சின் காலைப் பிடி, ஆட்டம் நின்றதும் வெட்டவெளிக்கு வா.

முப்பத்தொன்றாம் எண் கையைத் தூக்கினாள். அபூர்வமாகத்தான் தூக்குவாள்.

"ஆடி முடிச்சப்பறம் கடல் எவ்ளோ நேரத்துல வரும் டீச்சர்?"

மணி அடிக்க ரெண்டு நிமிடம் இருந்தது. "அது அடுத்த பாடம்டி. அடுத்த வாரம் பார்க்கலாம்" என்றேன்.

அவள் உட்கார்ந்துவிட்டாள்.

மறுநாள் காலை எட்டு மணிக்கே வண்டிகள் வந்துவிட்டன. பத்தாம் வகுப்புப் பெண்கள் பத்துப் பேரைக் காயம்பட்டவர்களாக நடிக்க வைத்திருந்தார்கள். நெற்றியில் சிவப்புச் சாயம், கையில் கட்டு. மீட்புப் படையினர் ஒவ்வொருத்தி மணிக்கட்டிலும் கலர் அட்டை கட்டினார்கள். பச்சை என்றால் நடக்கலாம், மஞ்சள் என்றால் காத்திருக்கலாம், சிவப்பு என்றால் உடனே தூக்க வேண்டும். கறுப்பு என்றால் விட்டுவிட்டு அடுத்த ஆளைப் பார்க்க வேண்டும். கறுப்பு அட்டை கட்டிய பெண்கள் இரண்டு பேர் மர நிழலில் கண்ணை மூடிப் படுத்திருந்தார்கள். சாயத்தை எறும்பு மொய்த்தபோதும் அசையவில்லை. நல்ல பிள்ளைகள், சொன்னபடி செய்தார்கள். என்னால் அந்தப் பக்கம் பார்க்க முடியவில்லை.

பழைய கட்டடத்தின் பின்னால் பொக்லைன் நின்றது. காலையிலேயே ஒரு ஆள் உள்ளே போய் எல்லா அறையிலும் விசில் அடித்துப் பார்த்துவிட்டு, வாசலில் சிவப்பு வெள்ளை ரிப்பன் கட்டியிருந்தான்.

பத்து மணிக்கு சைரன். அது ஏறி இறங்கி அழுகிற மாதிரி ஒரு சத்தம். பிள்ளைகள் பெஞ்சுக்கு அடியில் போனார்கள். ஒரு சிரிப்பு இல்லை, ஒரு பேச்சு இல்லை. நாற்பத்திரண்டு பேர் இருந்த அறை ஆளே இல்லாத அறையாகிவிட்டது. எங்கும் பெஞ்சுகள் மட்டும். அடியில் மூச்சுச் சத்தம். நான் மேசைக்கு அடியில் மூட்டு கடகடக்கக் குனிந்து உட்கார்ந்திருந்தேன். சத்தியமாகச் சொல்கிறேன், எனக்கு பயமாக இருந்தது.

மணி அடித்தது. எழுந்து, புத்தகப்பையைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு, ஜோடி ஜோடியாக வெளியே நடந்தார்கள். பை கண்வரை மறைத்ததால் முகமே தெரியவில்லை. காலும் பையுமாக ஒரு வரிசை போய்க்கொண்டிருந்தது. நான் முன்னால் நடந்தேன். முன்னால் நடக்கிறவள் பின்னால் பார்க்கமுடியாது என்பது அந்த நேரத்தில் எனக்குத் தோன்றவில்லை.

மைதானத்தில் வருகை எடுத்தேன். சைரன் நிற்கவில்லை, அதனால் தொண்டை கிழியக் கூப்பிட வேண்டியிருந்தது. ஒன்று, உள்ளேன் டீச்சர். இரண்டு, உள்ளேன் டீச்சர். கண் முழுக்க ஏட்டில். முப்பது, உள்ளேன் டீச்சர். முப்பத்தொன்று.

"உள்ளேன் டீச்சர்."

நாற்பத்திரண்டு வரை வந்தது. நாற்பத்திரண்டு டிக். காகிதத்தில் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். அதிகாரி ஒலிபெருக்கியில், "நாற்பத்திரண்டுக்கு நாற்பத்திரண்டு! அருமை! எல்லாரும் கைதட்டுங்க!" என்றார். பிள்ளைகள் பையைக் கீழே வைத்துவிட்டுக் கைதட்டினார்கள்.

மோப்ப நாய் ஒன்று கொண்டுவந்திருந்தார்கள், உயிரோடு இருக்கிற ஆளை இடிபாட்டில் கண்டுபிடிக்கிற நாய். அது கைதட்டல் சத்தத்தில் ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு போய், பழைய கட்டடத்தின் ரிப்பனுக்கு முன்னால் உட்கார்ந்து குரைத்தது. பிடித்துக்கொண்டிருந்தவர் "இன்னும் ஆரம்பிக்கலடா" என்று சிரித்து இழுத்துப் போனார். அது திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனது. பொக்லைன் உறுமியது. கரும்புகை மேலே போனதை எல்லோரும் பார்த்தோம்.

நான் வரிசையைச் சரிசெய்யப் போனேன். ஜோடிகள் கைகோத்து நின்றார்கள். கடைசிக்கு நாலு ஜோடி முன்னால் ஒரு பெண் தனியாக நின்றாள். அவளுடைய இடது கை பக்கவாட்டில் கொஞ்சம் நீண்டு, விரல்கள் மடங்கி, ஒன்றையும் பிடிக்காமல் எதையோ பிடித்திருந்தது. அவளுக்குப் பக்கத்தில் சரியாக ஒரு ஆள் இடம்.



"ஒன் பக்கத்துல யாருடி?"

அந்தப் பெண் எப்போதும் சொல்வதை அப்படியே சொன்னாள். "வருவா டீச்சர்."

"எங்கேர்ந்து வருவா? இப்போ உள்ளேன்னு சொன்னது யாரு?"

"நான் சொல்லல டீச்சர். வாய் சொல்லிடுச்சு."

தலைகளை எண்ணினேன். நாற்பத்தொன்று. இன்னொரு தரம் எண்ண நேரம் எங்கே? "காலையில வந்தாளா இல்லியா?" "வந்தா டீச்சர், கொட்டாயில எங்கூடத்தான் பெஞ்சுக்கு அடியில இருந்தா. வெளிய வரப்போ கையை உருவிக்கிட்டா." "எந்தப் பக்கம் போனா?" அந்தப் பெண் பழைய கட்டடத்தின் பக்கம் திரும்பினாள். அவள் பார்த்த பக்கத்தை நான் பார்த்தேன்.

ஓடினேன். ஐம்பத்து மூன்று வயசு, எண்பது கிலோ, முட்டியில் தேய்மானம். புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு "நிறுத்து, நிறுத்து" என்று கத்திக்கொண்டே ஓடினேன். சைரன் என் குரலைத் தின்றுவிட்டது. அதிகாரி நான் நடிப்பில் சேர்ந்துகொண்டேன் என்று நினைத்தாராம், பிற்பாடு சொன்னார், அவர் வாயில் மண்ணை அள்ளிப் போட. கட்டடத்தின் பின்பக்கம் திரும்பியபோது இயந்திரத்தின் பல் மாடிக் கைப்பிடிச் சுவரில் ஊன்றிவிட்டது. ஒரு கஜம் சுவர் பிய்ந்து கீழே விழுந்தது. செங்கல் தூள் என் வாயெல்லாம். ஓட்டுகிறவன் மேலேயே பார்த்துக்கொண்டிருந்தான். நான் செருப்பைக் கழற்றி வண்டிக் கண்ணாடியில் ஓங்கி எறிந்தேன். முதலாவது படவில்லை. இரண்டாவது பட்டது.

வண்டி நின்றது. யாரோ சைரனையும் நிறுத்தினார்கள். அப்போது வந்த அமைதியில், கடல் இரைகிற சத்தம் எங்கள் பள்ளிவரை கேட்டது. பகலில் ஒருநாளும் கேட்டதில்லை.

ஒரு தீயணைப்பு வீரர் என்னோடு உள்ளே வந்தார். "நீங்க வேணாம்மா, கட்டடம் சரியில்ல" என்றார். "சும்மா வா தம்பி" என்றேன். கைப்பிடி இல்லாத படிக்கட்டு. சுவரில் புது விரிசல் ஒன்று எங்களோடு கூடவே மேலேறியது. எங்கிருந்தோ மண் சரசரவென்று உதிர்ந்துகொண்டே இருந்தது, ஓயவே இல்லை. நான் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டேன். பதில் இல்லை. மறுபடி கூப்பிட எனக்கு தைரியம் வரவில்லை.

மொட்டைமாடியில் இருந்தாள். இடிந்த பக்கத்துக்கு எதிர்மூலையில், மைதானத்தைப் பார்த்தபடி, வெறுங்காலோடு நின்றாள். அவளுக்குப் பின்னால் தூரத்தில் கடல் தெரிந்தது, ஒரு அசைவு இல்லாமல் தட்டையாக. என்னைப் பார்த்ததும் வாயைத் திறந்தாள். குரல் வரவில்லை. கத்திக் கத்திக் குரலே போயிருந்தது.

"எருமை! எருமை மாடே! இங்க எதுக்குடி வந்த?" என்று கேட்டுக்கொண்டே அவளைக் கட்டிக்கொண்டேன். நடுக்கம் அவளுக்கா எனக்கா என்று தெரியவில்லை.

காற்றாகத்தான் பேசினாள். "ஆடினா மேல ஏறணும்னு அம்மா சொல்லிருக்கு டீச்சர். யாரையும் தேடாத, திரும்பிப் பாக்காத, எது ஒசரமோ அதுல ஏறுன்னு. வருஷா வருஷம் அந்த நாள்ல எங்களை ஏற வச்சுப் பாக்கும்."

"இது ஒத்திகைடி!"

"தெரியும் டீச்சர். ஒத்திகைலயும் ஏறணும்னுதான் சொல்லும். ஏறினேன். அப்பறம் நெஜமாவே ஆடுச்சு." இடிந்த மூலையைக் காட்டினாள். "நான் ஏறினப்பவே நீங்க எல்லாரும் கீழ நின்னுக்கிட்டு கைதட்டிக்கிட்டிருந்தீங்க. மேல வாங்க மேல வாங்கன்னு கத்தினேன். ஒருத்தரும் பாக்கல டீச்சர்."

அவளுடைய தோளுக்கு மேலாக நான் கீழே பார்த்தேன். என் பிள்ளைகள் வரிசையாக, வெயிலில், தாழ்ந்த தரையில், அசையாமல் நின்றார்கள். முகங்கள் எல்லாம் எங்களைப் பார்த்து நிமிர்ந்திருந்தன. ஒரு சத்தம் இல்லை. அவர்கள் இருக்கிறார்களா இல்லையா என்றே ஒரு நொடி எனக்குத் தெரியவில்லை. இவள் அத்தனை நேரமும் இதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

கீழே இறங்கி வந்த பிறகு நடந்ததெல்லாம் வழக்கமான கூத்து. தலைமையாசிரியை "மோன் தியூ" என்று உட்கார்ந்துவிட்டார். அதிகாரி முகம் வெளுத்து, ஆனாலும் நேரம் ஆகிறதென்று மீதி நிகழ்ச்சியை மைதானத்திலேயே பொம்மைகளை வைத்து முடித்தார். "ஒண்ணும் ஆகலையே, வெளிய பேச வேணாம்" என்று ஆளுக்கொரு பக்கம் சொன்னார்கள். கட்டடம் இன்னும் ஆபத்தாகிவிட்டது, மறுநாளே முழுசாக இடித்துவிட வேண்டும் என்று முடிவாயிற்று. எனக்குக் கோபம் அவர்கள்மேல் இல்லை. கையெழுத்து என்னுடையது.

அம்மாவிடம் நானே சொல்ல வேண்டும் என்று ஆள் அனுப்பினேன். மூன்று மணிக்கு வந்தாள். வெயிலில் முகம் கறுத்து, முந்தானையில் செதிள் ஒட்டியிருந்தது. மகள் ஓடிப்போய் ஒட்டிக்கொண்டாள். நான் வேப்பமரத்தடியில் நின்று ஒன்றுவிடாமல் சொன்னேன். தினமும் பொய்யாக டிக் போட்டது, இன்று போட்டது, இயந்திரம் சுவரில் பல் வைத்தது எல்லாம். செருப்பால் அடிப்பாள் என்று எதிர்பார்த்தேன். அடித்திருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும்.

அவள் இடிந்த மூலையைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு கேட்டாள்.

"அவ செஞ்சது தப்பா டீச்சர்?"

"இது வெறும் ஒத்திகைம்மா. மைதானத்துக்கு வரச் சொல்லியிருந்தோம்."

"நெஜமா ஆடினா?"

"ஆடும்போது கட்டடத்துக்குள்ள இருக்கக் கூடாது, மேல விழுந்துடும். வெட்டவெளிக்கு வரணும். நின்னப்பறம்..." அங்கே எனக்கு வார்த்தை நின்றது. இருபது வருஷமாக இந்தப் பாடத்தை நடத்துகிறவள் நான்.

"நின்னப்பறம் ஒசரத்துக்குப் போகணும்" என்று அவளே முடித்தாள். "இங்க ஒசரம் எது? நாளைக்கு இதையும் இடிச்சிடுவீங்களே?"

சுற்றிலும் பார்த்தேன். ஓட்டுக் கொட்டகைகள். மதில் சுவர். மைதானம். அதற்கு அப்பால் தெருக்கள், நெருக்கமான வீடுகள், பூட்டின கதவுகள். நாற்பத்திரண்டு பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு எந்த வீட்டு மாடிக்கு ஓடுவேன்? எவர் திறப்பார்?

"நான் ஒங்களைக் கொறை சொல்ல வரல" என்றாள். "நெஜமா வந்தா நான் எங்கியோ தெருவுல கூடையோட இருப்பேன். ஓடியாரணும். நீங்க இவளை எங்க நிக்க வச்சிருப்பீங்கன்னு மட்டும் இப்பவே சொல்லிடுங்க. அந்த எடத்துக்கு நேரா வந்துடறேன். மூத்ததை பதினோரு நாள் தேடினேன் டீச்சர். எந்தப் பக்கம் போய்த் தேடறதுன்னு சொல்ல ஒரு ஆள் இல்ல."

சொல்ல ஒரு இடம் இல்லை. வாயில் வந்ததைச் சொன்னேன்.

"எங்க இருந்தாலும் ஒன் பொண்ணு கையை நான் விட மாட்டேன்மா. என்னை நம்பு."

அவள் என்னைப் பார்த்த பார்வையில் கோபம் கொஞ்சமும் இல்லை.

"நானும் கையைப் புடிச்சுக்கிட்டுத்தான் டீச்சர் இருந்தேன்" என்றாள். "நீங்க எடத்தைச் சொல்லுங்க."